ஸ்கார்பரோ: ஓர் ஊற்றும் ஒரு சரிவும் உருவாக்கிய கடற்கரை ஊர்

வடகடல் எழுதியது:

இங்கிலாந்தின் கடற்கரை ஊர்கள் என்றால் பிரைட்டனும் பிளாக்பூலும்தான் நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வரும். யார்க்‌ஷர் கரையிலுள்ள ஸ்கார்பரோவுக்கு உரிய இடத்தை நாம் கொடுப்பதில்லை என்ற ஆதங்கத்தில்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன். மூன்று ஆண்டுகளாக யார்க் நகரில் வசிக்கிறேன். ஐம்பது நிமிட இரயில் பயணத்தில் சென்றுவிடலாம் என்பதால் அங்கு அடிக்கடி போய் வருகிறேன்.

இந்த ஊரின் கதை கடலில் தொடங்கவில்லை. 1626ஆம் ஆண்டு வாக்கில் தாமசின் ஃபாரர் என்ற பெண்மணி, தெற்கு விரிகுடாவின் ஓரத்தில், செங்குத்தான மண்சரிவின் அடியிலிருந்து கசிந்து ஓடும் ஓர் ஊற்றைக் கவனித்தார். அதன் நீர் கசந்தது. அது ஓடிய கற்களில் செம்பழுப்பாகக் கறை படிந்திருந்தது. குடித்துப் பார்த்தவர்கள் வயிறு சுத்தமாவதாகச் சொன்னார்கள். நம் வீடுகளில் பேதி உப்பு என்று சொல்கிறோமே, அந்த மக்னீசியம் சல்பேட்டுதான் நீரில் கலந்திருந்தது. 1660இல் ராபர்ட் விட்டி என்ற மருத்துவர் அந்த நீரின் பெருமையைப் பற்றி ஒரு நூலே எழுதினார். ஊற்று நீர் குடிக்க வந்த நோயாளிகளின் கண்ணெதிரே கடல் இருந்தது. அதில் இறங்கிக் குளிப்பதும் மருந்தே என்ற எண்ணம் வளர்ந்தது. 1735இல் ஜான் செட்டரிங்டன் வரைந்த செதுக்கோவியத்தில் மக்கள் கடலில் குளிக்கும் காட்சியையும், சக்கரங்கள் மீது நிற்கும் மரக்கூண்டு போன்ற குளியல் வண்டி ஒன்றையும் காணலாம். ஆடை மாற்றும் அறையையே அலை வரைக்கும் உருட்டிக்கொண்டு போகும் அந்த வண்டியின் மிகப் பழைய சித்திரங்களுள் இது ஒன்று.

ஊற்றும் கடலும் அருகருகே அமைந்ததனால்தான் கடற்கரைக்குப் போய் இளைப்பாறுவது என்ற வழக்கம் இங்கே தொடங்கியது என்று கருதுகிறேன். தவறிருந்தால் திருத்துங்கள். மற்றொரு வேண்டுகோளும் உண்டு. அடுத்த மாதம் ஊரிலிருந்து என் தாயார் வருகிறார். வயது 71, முழங்கால் வலியும் இருக்கிறது. அந்த ஊரின் ஏற்ற இறக்கங்களை எண்ணும்போது தயக்கமாக இருக்கிறது. அவரை எங்கெங்கே அழைத்துச் செல்லலாம் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழஞ்சுவடி எழுதியது:

நண்பர் வடகடலின் தொடக்கம் சிறப்பாக இருக்கிறது. இருப்பினும், ஊற்றுக்கு அவர் கொடுக்கும் முதன்மையை என்னால் முழுவதும் ஏற்க இயலவில்லை. ஊற்றுநீர் குடிக்க வந்தவர்கள் பணமும் ஓய்வும் உள்ள சிலரே. குதிரை வண்டியில் நாள்கணக்காகக் குலுங்கி வந்து, வாரக்கணக்கில் அறை எடுத்துத் தங்கக்கூடிய அந்தச் சிறு கூட்டத்துக்காக ஓர் ஊர் இவ்வளவு பெரிதாக வளர்ந்திருக்காது. 1845 ஜூலையில் யார்க்கிலிருந்து இருப்புப்பாதை வந்து சேர்ந்த பிறகுதான் லீட்ஸ், பிராட்ஃபர்ட் ஆகிய நெசவாலை நகரங்களின் தொழிலாளர் குடும்பங்கள் ஒரே நாளில் கடலைப் பார்த்துவிட்டு வீடு திரும்ப முடிந்தது. 1871இல் வங்கி விடுமுறைச் சட்டம் வந்தது. 1938இல் சம்பளத்துடன் கூடிய விடுமுறைக்கான சட்டம் வந்தது. ஒவ்வொரு சட்டமும் இந்தக் கரைக்குப் புதிய கூட்டத்தைக் கொண்டுவந்து சேர்த்தது.

அக்கூட்டம் எவ்வளவு பெரியது என்பதற்கு, இன்பச் சுற்றுலா இரயில்களுக்கென்றே 1908இல் லண்டெஸ்பரோ சாலையில் தனி நிலையம் திறக்கப்பட்டதே சான்று. முதன்மை நிலையத்தின் நடைமேடையில் சுவரை ஒட்டி இன்றும் ஓர் நீண்ட மர இருக்கை ஓடுகிறது. ஏறத்தாழ 139 மீட்டர் நீளம். உலக இரயில் நிலையங்களிலேயே மிக நீளமான இருக்கை அது என்று சொல்வார்கள். மாலையில் கால் முழுக்க மணலோடு, தூங்கும் குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பும் வண்டிக்காகக் காத்திருந்தவர்களுக்காகப் போட்ட இருக்கை. இந்த ஊரை உருவாக்கியவர்கள் அதில் உட்கார்ந்திருந்தவர்களே என்பது என் கருத்து.

வடகடல் எழுதியது:

இரயில் கொண்டுவந்த மாற்றத்தை நான் மறுக்கவில்லை, ஐயா. ஆனால் இரயில் வருவதற்கு 18 ஆண்டுகளுக்கு முன்பே, 1827இல், ஊரையும், ஊற்றைச் சுற்றி எழுந்த ஸ்பா என்ற மருத்துவ நீர் நிலையத்தையும் பிரித்த பள்ளத்தாக்கின் மீது நடைபாலம் கட்டிக் கட்டணம் வசூலித்தார்கள். 1829இல் ரோட்டண்டா அருங்காட்சியகம் எழுந்தது. வருபவர்களுக்கு வேண்டியவற்றைச் செய்து வைக்கும் பழக்கம் அவ்வூருக்கு ஏற்கெனவே இருந்ததனால்தான், இருப்புப்பாதை அமைத்தவர்கள் அதை நோக்கி வந்தார்கள்.

கல்லும் மண்ணும் எழுதியது:

நான் புவியியல் கற்பிப்பவள். மாணவர்களை ஆண்டுதோறும் அந்தக் கரைக்கு அழைத்துச் செல்கிறேன். உங்கள் இருவரின் வாதத்திலும் ஒன்று விடுபட்டிருக்கிறது என்று எண்ணுகிறேன்: அந்தச் சரிவு.

தெற்கு விரிகுடாவின் மேல் நிற்கும் உயரமான கரை முழுவதும் கல் என்று நினைத்துவிட வேண்டாம். அடியில் பழைய கடற்பாறைகள் இருந்தாலும், பல இடங்களில் அவற்றின் மேல் பனியாறுகள் விட்டுச்சென்ற களிமண் பெருந்திரளாகப் படிந்திருக்கிறது. மழைநீர் இறங்க இறங்க அந்தக் களிமண் கனத்து, வழுக்கி, ஒருநாள் கடலை நோக்கி நகர்ந்துவிடும். 1737 டிசம்பர் இறுதியில் அப்படித்தான் நடந்தது. ஸ்பாவுக்குப் பின்னாலிருந்த நிலம், மேய்ந்துகொண்டிருந்த மாடுகளோடு அப்படியே கீழே இறங்கியதாகவும், எதிரே கடற்கரை மணல் மேலெழும்பியதாகவும் அக்காலக் குறிப்புகள் கூறுகின்றன. ஸ்பா கட்டடம் அழிந்தது, ஊற்றே காணாமல் போனது. தேடிக் கண்டுபிடித்து மீண்டும் கட்டினார்கள். ஊற்றைக் குத்தகைக்கு எடுத்து, அதன் 'ஆளுநர்' என்றே அழைக்கப்பட்ட டிக்கி டிக்கின்சன் அதன்பின் நெடுநாள் வாழவில்லை.

இருநூற்றைம்பது ஆண்டுகள் கழித்தும் அதே கதைதான். 1993 ஜூன் தொடக்கத்தில், தெற்குச் சரிவின் மேலிருந்த ஹோல்பெக் ஹால் தங்கும் விடுதியின் புல்வெளி ஓர் இரவில் கீழிறங்கியது. காலையில் எழுந்த விருந்தினர்களை அவசரமாக வெளியேற்றினார்கள். அடுத்த நாள்களில் கட்டடமும் பிளந்து சரிந்தது. உயிர்ச்சேதம் இல்லை என்பதே பெரும் ஆறுதல். நகர்ந்த மண் ஏறத்தாழ பத்து இலட்சம் டன். 60 மீட்டர் உயரமுள்ள கரை 70 மீட்டர் தூரம் பின்வாங்கியது. சரிந்த மண் கடற்கரையைத் தாண்டி அரைவட்ட வடிவில் கடலுக்குள் 135 மீட்டர் நீண்டு கிடந்தது. முந்தைய இரண்டு மாதங்களில் பெய்த 140 மில்லிமீட்டர் மழையும், நீர் வடியும் வழி சரியில்லாமையும் முக்கியக் காரணங்களாகச் சொல்லப்பட்டன. இன்று அந்த இடத்தில் புல் முளைத்து இயற்கையான மேடு போலவே தோன்றுகிறது. அதன்மேல் நின்று, "உங்கள் காலடியில் இருப்பது ஒரு விடுதியின் தோட்டம்" என்று சொல்லும்போது மாணவர்கள் அமைதியாகிவிடுவார்கள்.

ஊற்று கசிந்ததும் இந்தச் சரிவின் அடியில்தான். ஊரை அவ்வப்போது விழுங்குவதும் இதே சரிவுதான். பாலம், படிக்கட்டு, இழுவை இரயில், வளைந்து வளைந்து இறங்கும் தோட்டப்பாதைகள் என்று அங்கே நாம் இரசிக்கும் எதை எடுத்துக்கொண்டாலும், மேலே வாழ்ந்தவர்கள் கீழேயுள்ள கடலை அடைவதற்குச் செய்த ஏற்பாடாகவே இருக்கும்.

வடகடல் ரோட்டண்டாவைக் குறிப்பிட்டார். இங்கிலாந்து நிலவியலின் தந்தை எனப்படும் வில்லியம் ஸ்மித்தின் யோசனைப்படி அமைந்த வட்டக் கட்டடம் அது. மண்ணுக்கடியில் அடுக்குகள் எந்த வரிசையில் இருக்கின்றனவோ, அதே வரிசையில் பாறைகளையும் தொல்லுயிர்ப் படிவங்களையும் தட்டுகளில் அடுக்கி வைக்க வேண்டும் என்பது அவருடைய விருப்பம். மேல்மாடத்தின் உட்சுவரைச் சுற்றி, இந்தக் கடற்கரையின் நிலவெட்டுத் தோற்றத்தை அவருடைய சகோதரி மகன் ஜான் ஃபிலிப்ஸ் வரைந்திருக்கிறார். அதை நிமிர்ந்து பார்த்துவிட்டு வெளியே வந்து உண்மையான கரையைப் பார்ப்பது எனக்கு ஒவ்வொரு முறையும் புதிதாகவே இருக்கிறது. 1834இல் அருகிலுள்ள கிரிஸ்ட்தார்ப்பில் தோண்டியெடுத்த வெண்கலக் கால மனிதரின் எலும்புக்கூடும் அங்கே இருக்கிறது. கருவாலி மரத்தைக் குடைந்து செய்த சவப்பெட்டியில் கிடந்ததால் எலும்புகள் கறுத்துப் போயிருக்கின்றன.

லீட்ஸ்வாசி எழுதியது:

வடகடல் அவர்களே, உங்கள் தாயாரைத் தாராளமாக அழைத்துச் செல்லுங்கள். என் மாமியாரை இரண்டு முறை அழைத்துச் சென்ற அனுபவத்தில் சொல்கிறேன்.

இரயில் நிலையத்திலிருந்து கடல்மட்டம் வரை நடந்தே இறங்க வேண்டியதில்லை. கிராண்ட் ஹோட்டல் அருகே 1881 முதல் இயங்கும் இழுவை இரயில் இருக்கிறது. இரண்டு பெட்டிகள் ஒரே வடத்தின் இரு முனைகளில் கட்டப்பட்டிருக்கும். ஒன்று இறங்கும்போது மற்றொன்று ஏறும். நடுவழியில் இரண்டும் ஒன்றையொன்று கடக்கும்போது எதிர்ப்பெட்டியில் இருப்பவர்கள் கையசைப்பார்கள். ஸ்பாவுக்கு மேலுள்ள தெற்குச் சரிவு இழுவை இரயில் இதைவிடப் பழையது: 1875இல் திறக்கப்பட்டது, பிரிட்டனிலேயே முதலாவது. தொடக்கத்தில் பெட்டிகளின் அடியிலிருந்த தொட்டிகளில் கடல்நீரை நிரப்பி, அந்தப் பாரத்தைக் கொண்டே இயக்கினார்களாம்.

கிராண்ட் ஹோட்டலைக் கீழே கடற்கரையிலிருந்து நிமிர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். 1867இல் திறக்கப்பட்ட இந்தச் செங்கல் மாளிகையை வடிவமைத்தவர் ஹல் நகரத்தவரான கத்பர்ட் பிராட்ரிக். பருவங்களைக் குறிக்க 4 கோபுரங்கள், மாதங்களைக் குறிக்க 12 தளங்கள், வாரங்களுக்காக 52 புகைபோக்கிகள், நாள்களுக்காக 365 படுக்கையறைகள் என்று ஓர் ஆண்டையே கட்டடமாக எழுப்பியிருக்கிறார். ஊர்ப்பக்கமிருந்து பார்த்தால் இதன் உயரம் பிடிபடாது. சரிவின் வழியே கீழ்நோக்கிப் பல தளங்கள் இறங்குவது கடற்பக்கமிருந்துதான் தெரியும். சகோதரி சொன்ன சரிவின் கதைக்கு இதுவும் ஓர் எடுத்துக்காட்டு.

மார்ச் முதல் ஆகஸ்டு வரை அதன் சுவர்களிலும் பாலத்தின் இரும்பு விட்டங்களிலும் கிட்டிவேக் என்ற கடற்காகங்கள் கூடு கட்டியிருக்கும். தன் பெயரையே கூவும் பறவை. நடுக்கடலில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, குஞ்சு பொரிக்க மட்டும் கரைக்கு வருபவை. செங்குத்துப் பாறையில் கூடு கட்டும் இனத்துக்கு இந்தக் கட்டடமும் ஒரு பாறைதான் போலும். என் மாமியார் தொடங்கிவைத்த எண்ணிக்கை நூறைத் தாண்டியும் முடியவில்லை.

கோடையில் ஸ்பாவில் இசைக்குழுவின் கச்சேரி நடக்கும். பிரிட்டனின் கடற்கரை ஊர்களில் எஞ்சியிருக்கும் கடைசித் தொழில்முறை இசைக்குழு அதுவே. உட்கார்ந்தபடியே கடலையும் இசையையும் சேர்த்து அனுபவிக்கலாம் என்பதால் முதியவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

மறுநாள் வடக்கு விரிகுடாவுக்குப் போங்கள். 1912இல் திறந்த பீஸ்ஹோம் பூங்காவின் ஏரியில், 1927 முதல் கோடைதோறும் ஒரு கடற்போர் நடத்துகிறார்கள். ஏறத்தாழ இருபதடி நீளமுள்ள சிறு போர்க்கப்பல்கள் வெடியோசையும் புகையுமாக மோதிக்கொள்ளும். பெரிய கப்பல்களுக்குள் நகராட்சி ஊழியர் ஒருவர் மறைந்து அமர்ந்து ஓட்டுவார். பூங்காவுக்கு அருகிலிருந்து 1931இல் தொடங்கிய சிற்றிரயில் கடலோரமாக ஓடுகிறது.

ஓர் எச்சரிக்கை. உங்கள் தாயார் சைவ உணவு உண்பவராக இருந்தால், வறுவல் கடைகளில் உருளைக்கிழங்கு மட்டும் வாங்கினால் போதும் என்று எண்ணிவிடாதீர்கள். யார்க்‌ஷர் கடைகள் பலவற்றில் மாட்டுக்கொழுப்பில்தான் பொரிப்பார்கள். தாவர எண்ணெயா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். நாங்கள் முதல்முறை கேட்காமல் வாங்கிக் கொடுத்துவிட்டோம். அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

பொன்னி எழுதியது:

இரண்டு இடங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் வடக்கு, தெற்கு விரிகுடாக்களைப் பிரிக்கும் கடல்முனையில் இருக்கின்றன.

ஒன்று கோட்டை. ரோமானியர் நான்காம் நூற்றாண்டில் கண்காணிப்புக் கோபுரம் அமைத்த அதே உச்சியில், பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் ஹென்றி மன்னர் பெருங்கோபுரத்தை எழுப்பினார். 1645இல் உள்நாட்டுப் போரின்போது நாடாளுமன்றப் படை ஐந்து மாதம் முற்றுகையிட்டது. 1914 டிசம்பர் 16 காலை எட்டு மணியளவில் டெர்ஃப்லிங்கர், ஃபான் டெர் டான் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல்கள் கரையை நெருங்கி ஏறத்தாழ 500 குண்டுகளைச் சுட்டன. கோட்டை, கிராண்ட் ஹோட்டல், சாதாரண வீடுகள் என்று எதுவும் தப்பவில்லை. கலங்கரை விளக்கத்தின் கோபுரத்தைத் துளைத்துக்கொண்டு ஒரு குண்டு போனது; அதை இடித்து 1931இல்தான் மீண்டும் கட்டினார்கள். பதினான்கு மாதக் குழந்தை ஒன்றும் அன்று இறந்தது. அதே காலையில் விட்பியும் ஹார்ட்டில்பூலும் தாக்கப்பட்டன. மூன்று ஊர்களிலுமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். "ஸ்கார்பரோவை நினைவில் வையுங்கள்" என்று அச்சிட்ட சுவரொட்டிகள் நாடெங்கும் இளைஞர்களைப் படைக்கு அழைத்தன. விடுமுறை நாள்களின் பெயராக இருந்த ஊர், ஒரே நாளில் போரின் பெயராகிவிட்டது.

மற்றொன்று, கோட்டைக்குக் கீழே புனித மேரி தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்திலுள்ள எழுத்தாளர் ஆன் பிரான்டியின் கல்லறை. காசநோய் முற்றிய நிலையில், கடற்காற்று குணம் தரும் என்ற நம்பிக்கையோடு 1849 மே 25 அன்று அக்கா ஷார்லட்டுடனும் தோழி எலன் நஸ்ஸியுடனும் இங்கு வந்தார். மறுநாள் கடற்கரையில் கழுதை வண்டியில் ஏறியவர், கழுதையை ஓட்டுபவன் விரட்டிவிடுவானோ என்று அஞ்சிக் கடிவாளத்தைத் தாமே வாங்கிக்கொண்டாராம். 28ஆம் தேதி இறந்துவிட்டார். அவர் தங்கியிருந்த விடுதி நின்ற இடத்தில்தான் பின்னாளில் கிராண்ட் ஹோட்டல் எழுந்தது. கல்லறைக் கல்லில் வயது 28 என்று பொறித்திருக்கிறார்கள். உண்மையில் அவருக்கு 29. மூன்று ஆண்டுகள் கழித்து வந்த ஷார்லட் கல்லில் ஐந்து பிழைகளைக் கண்டு திருத்தச் சொன்னார். அப்போதும் வயது மட்டும் திருத்தப்படாமல் நின்றுவிட்டது. உப்புக்காற்று அந்த எழுத்துகளை அரித்துக்கொண்டிருக்கிறது. சில வரிகளை விரலால் தடவித்தான் படிக்க முடிந்தது.

நெய்தல் எழுதியது:

எல்லோரும் பெருமைகளையே எழுதுகிறீர்கள். எனக்கு அந்த ஊர் வருத்தம் தந்தது. வடக்கு விரிகுடாவில் 1869இல் திறந்த கடற்பாலம் 1905 புயலில் போயிற்று, அது இயற்கை. ஆனால் 1915இல் திறந்த தெற்கு விரிகுடா நீச்சல் குளத்தை 1989இல் மூடி, பிறகு மண்ணிட்டு நிரப்பிவிட்டார்கள். விட்பிக்குப் போன கடலோர இருப்புப்பாதையை 1965இல் மூடினார்கள். மலிவான விமானத்தில் ஸ்பெயின் போகும் வழி திறந்ததும் கூட்டம் குறைந்தது. செல்வந்தர்களுக்காகக் கட்டிய கிராண்ட் ஹோட்டலை 1970களின் இறுதியில் விடுமுறை முகாம் நடத்தும் பட்லின்ஸ் நிறுவனம் வாங்கியது. கடலோரச் சாலையில் இன்று சூதாட்ட இயந்திரங்களின் இரைச்சல்தான் முதலில் காதில் விழுகிறது.

பழஞ்சுவடி எழுதியது:

நெய்தல் சொல்வது உண்மை; நீச்சல் குளத்தை நிரப்பியது எனக்கும் ஆறாத குறை. ஆனால் பட்லின்ஸ் வாங்கியதை வீழ்ச்சி என்று எழுதுவதை ஏற்க மாட்டேன். வாசலில் நின்று அண்ணாந்து பார்க்க மட்டுமே முடிந்த குடும்பங்கள் அதன்பிறகுதான் அந்த மாடிப்படிகளில் ஏறின. மூடிய விட்பி பாதையும் வீணாகவில்லை. தண்டவாளம் போன தடத்தில் இன்று நடப்பவர்களும் மிதிவண்டிக்காரர்களும் போகிறார்கள். சகோதரி சரிவைப் பற்றி எழுதியதைப் படித்தபின், இரயில் மட்டுமே இந்த ஊரைச் செய்தது என்ற என் வாதத்தையும் தளர்த்திக்கொள்கிறேன். இரயில் நிலையத்தோடு நின்றுவிட்டது; அங்கிருந்து அலை வரைக்கும் மக்களை இறக்கிவிட்டவை அந்தப் பாலமும் இழுவை இரயில்களுமே.

வடகடல் எழுதியது:

சென்று வந்தோம். அனைவருக்கும் நன்றி.

இழுவை இரயிலில் இறங்கும்போது அம்மா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். எதிர்ப்பெட்டி கடந்தபோது லீட்ஸ்வாசி எழுதியபடியே ஒரு சிறுமி கையசைத்தாள். அம்மா பிடியை விட்டுவிட்டுத் தாமும் கையசைத்தார். அதன்பின் மூன்று முறை ஏறி இறங்கினோம். ஸ்பாவில் கச்சேரி கேட்டோம். கழுதைச் சவாரி நடக்கும் இடத்தில் ஆன் பிரான்டியின் கதையைச் சொன்னேன். அம்மா அருகே போய் ஒரு கழுதையின் நெற்றியைத் தடவிக் கொடுத்தார். கல்லறை வரை ஏற அவரால் முடியவில்லை; அடுத்த முறை வாடகை வண்டியில் கோட்டை வாசல் வரை போய், அங்கிருந்து இறங்கி வரலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். வறுவல் கடையில் கேட்டுத்தான் வாங்கினோம். இரண்டாவது கடையில் தாவர எண்ணெய் கிடைத்தது.

திரும்பும் வண்டி இருபது நிமிடம் தாமதம். பழஞ்சுவடி ஐயா சொன்ன நீண்ட இருக்கையில் உட்கார்ந்தோம். அம்மா செருப்பைக் கழற்றித் தட்டினார். நடைமேடையில் ஒரு பிடி மணல் கொட்டியது.